அடைமழையில் வந்த முதலிடம்

2020 ஆகஸ்ட், ஊரடங்கு நேரம். ஜூன் 12-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டதால் நீடாமங்கலம் பக்கம் எங்கள் குறுவை பச்சைப் பசேலென்று நின்றது. வரப்பில் உட்கார்ந்திருந்த என் காதில் அண்ணன் மகள் ஒரு பக்க இயர்போனைச் செருகினாள். "பேசாம கேளுங்க அத்தை."

கொரியாவின் பிடிஎஸ் பையன்கள் ஏழு பேர் பாடிய 'டைனமைட்'. நோய்ப் பயத்தில் இறுகிக் கிடந்த எனக்கு அந்தத் துள்ளல் தாளம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது! ஆகஸ்ட் 21-ல் வெளியாகி ஒரே நாளில் யூடியூபில் 10 கோடி பார்வைகளைத் தாண்டியது. அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-ல் நேராக முதலிடத்தில் நுழைந்தது. தென்கொரியக் குழு ஒன்று அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. அப்புறம் கிராமி இசை விருதுக்கான பரிந்துரையும் வந்தது.

ஆனால் முழுக்க ஆங்கிலத்தில் பாடியதால்தான் ஜெயித்தார்கள் என்று ஒரு பேச்சு. பிள்ளை அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. அந்தக் குரல்களின் இழைவு எந்த மொழியிலும் வரும்.

நவம்பர் கடைசி. நிவர் புயல் போய் புரெவி புயல் வருவதற்குள், சம்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தேன். தூறலில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். கால் முழுக்கச் சேறு.

"அத்தை, பிடிஎஸ்ஸோட 'லைஃப் கோஸ் ஆன்' முதலிடம்! கொரிய மொழியிலேயே பாடினது அத்தை!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.