மரத்துக்கு வயசு போட இடமில்லை

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நான் பண்ருட்டிப் பக்கம் தோட்டக்கலை வேலையில் புதுசு. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை அடித்தது என்று பிறகு பேப்பரில் படித்தேன். சேதக் கணக்கெடுப்புக்கு விஏஓவோடு முந்திரி, பலாத் தோப்புகளுக்கு, கொல்லை கொல்லையாக அனுப்பினார்கள். காடாம்புலியூர் வரை பைக் போனது, அதற்கு மேல் நடைதான்.

முந்திரி படர்ந்து வளரும் மரம், தலை கனம். மழையில் ஊறிய செம்மண்ணில் அப்படி ஒரு காற்று அடித்தால் வேரோடு புரண்டுவிடும். புரண்டு கிடந்த ஒரு மரத்தில் பூங்கொத்து இன்னும் வாடவே இல்லை, வேர் பெயர்ந்த குழியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்க வேண்டிய மரம். ஆலங்கட்டி மழையாக இருந்தால்கூட இலையும் பூவும் கிழிந்து ஒரு வருஷ மகசூலோடு போயிருக்கும், மரம் நின்றிருக்கும் என்றார் விஏஓ. நியாயமான பேச்சுதான்.

படிவத்தில் புல எண், பரப்பு, பயிர், சேத சதவீதம், அவ்வளவுதான். அப்போது 50 சதவீதமாவது சேதமாகியிருந்தால்தான் நிவாரணம். நாங்கள் போன கொல்லைகளில் அதில் சிக்கலே வரவில்லை. பெரிய பலா ஒன்று விழுந்திருந்த இடத்தில் ஒரு ஆயா, "எங்க மாமனாரு வச்சது தம்பி, இதுக்கு என்னா போடுவ?" என்று கேட்டார். எத்தனை ஏக்கர் ஆயா என்றேன். "நான் மரத்தக் கேக்குறேன், நீ நெலத்தக் கேக்குற."

பல்லாண்டுப் பயிருக்குத் தனி ரேட் உண்டு, ஆனால் அதுவும் ஹெக்டேர் கணக்குதான். போன வருஷம் நட்ட கன்றும் அந்தப் பலாவும் அதற்கு ஒன்றே. ஒட்டு முந்திரி மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கினாலும் நல்ல மகசூலுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும், அதுவரை வாங்கிய கடனுக்கு வட்டி யார் கட்டுவது? அதற்குள் விறகு வியாபாரிகள் லாரியோடு வந்துவிட்டார்கள், அவர்கள் சொன்னதுதான் விலை.

அப்புறம் சிலர் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து விஆர்ஐ ரக முந்திரி ஒட்டுக்கன்றுகளை நட்டார்கள், சிலர் மரவள்ளிக்குப் போனார்கள். வயதானவர்கள் பலர் பலாவை மறுபடி வைக்கவில்லை. 2015இல் அந்த 50ஐ 33 ஆகக் குறைத்தார்கள், நல்ல விஷயம், ஆனால் வயசுக்கு என்று ஒரு கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் வரவில்லை. ஒருமுறை மேலே கேட்டும் பார்த்தேன். மரத்துக்கு வயசு சர்டிஃபிகேட் யாரய்யா தருவார் என்றார் அதிகாரி. விஏஓ தரலாமே சார் என்றேன். அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.