22 வருட சர்வீஸும் 18.75 மார்க்கும்

இந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குப் பால் வாங்கி வருவது நான்தான். காலை ஐந்தரைக்கு எழுந்து, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு ஆவின் பூத்துக்கு நடக்கிறேன். தெருமுனையில் படுத்திருக்கும் இரண்டு நாய்களும் முதல் வாரம் குரைத்தன, இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு நத்தை. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் 1928-ல் ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டிலுக்குள் இருந்ததாகச் சொல்லப்படும் நத்தை. ‘சொல்லப்படும்’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

நான் திருச்சியில் வக்கீல் குமாஸ்தா. 22 வருட சர்வீஸ். வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவதில் தொடங்கி, நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் கைக்கு வாங்குவது வரை எல்லாம் அத்துப்படி. பெஞ்ச் கிளார்க்கின் முகத்தைப் பார்த்தே நம் கேஸ் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லிவிடுவேன். அதனால் சட்டம் எனக்கு ஓரளவு தெரியும் என்று நானும் நினைத்திருந்தேன், வீட்டிலும் நினைத்திருந்தார்கள்.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மணப்பாறையில் அவள் அத்தை வீட்டுக்குப் போகிற வழியில், திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தவள், “இங்க என்னப்பா சொல்லித் தருவாங்க?” என்றாள். “வக்கீலுக்குப் படிக்கிற இடம் பாப்பா.” “அப்ப நீங்க ஏன் இங்க படிக்கல?” மீதிச் சில்லறை வாங்குகிற சாக்கில் கண்டக்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு விழுந்த விதை.

அங்கே சேர கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம்மூர் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மார்க் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி இல்லை. டெல்லிக்காரர்கள் மட்டும் தனிப் பரீட்சை வைத்துக்கொள்கிறார்கள், மற்றபடி பெங்களூரு, ஹைதராபாத், நம் திருச்சி எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். “ஊருக்குள்ளயே கவர்மென்ட் லா காலேஜ் இருக்கு, மார்க்குக்கு சீட்டு குடுக்குறான், எதுக்குங்க இந்தப் பாடு?” என்று என் மனைவி ஆரம்பத்திலேயே கேட்டாள். அந்த ஆட்சேபணையை நானும் மகளும் பதிவு செய்துகொண்டு தள்ளுபடி செய்தோம்.

120 கேள்வி, 120 நிமிடம். சரியான விடைக்கு 1, தப்புக்கு 0.25 கழிவு. இப்படிக் கால் கால் மார்க்காகப் பிடிப்பதால் யார் மார்க்கைப் பார்த்தாலும் மளிகைக் கடை பில் மாதிரியே இருக்கும். என் பெண் கோச்சிங்கில் எழுதிய மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வுகளில் 61, பிறகு 66.5, பிறகு 72.25 என்று ஏறிக்கொண்டே போனாள். வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு 46.25.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் ஒரு தகப்பன் என்ன பேசவேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்ன பேசக்கூடாது என்பதும் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. ஆபீஸில் பெட்டி கேஷ் குறைந்தால் கேட்கிற அதே குரலில், “போன வாரம் 72 இருந்துச்சு, இந்த வாரம் 46. மீதி 26 எங்கம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

கதவு திறந்தது.

“நீங்க எழுதிப் பாருங்கப்பா.”

“எனக்கென்ன? படிச்சுப் பார்த்து வட்டத்தைக் கறுப்பாக்குறதுதானே.”

“46.25-க்கு மேல எடுத்தீங்கன்னா ஒரு மாசம் ஃபோனைத் தொட மாட்டேன். எடுக்கலன்னா ஒரு மாசம் காலையில பால் நீங்க. என் மார்க்கைப் பத்தி வாயே திறக்கக் கூடாது.”

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, “நான் சாட்சி” என்றாள். இவ்வளவு சுறுசுறுப்பான சாட்சியை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் பரீட்சை. எதிரில் சுவர்க்கடிகாரம், பக்கத்தில் ஓ.எம்.ஆர். தாள், கறுப்புப் பால்பாயின்ட் பேனா. கணக்கு, ஆங்கிலம் எல்லாம் அப்புறம், நம் கோட்டை எதுவோ அங்கிருந்து ஆரம்பிப்போம் என்று நேராகச் சட்டப் பகுதிக்குப் போனேன். முதல் பத்தியிலேயே நத்தை.

ஒரு பெண்மணி தோழியோடு ஓட்டலுக்குப் போகிறார். தோழி அவருக்கு ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். பாதி குடித்த பிறகு பாட்டிலிலிருந்து செத்து அழுகிய நத்தை விழுகிறது. அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. பாட்டிலைத் தயாரித்த கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா? மேலே ஒரு நீளமான பத்தியில், தயாரிப்பவர் தன் பொருளைக் கடைசியில் பயன்படுத்துகிறவரிடமும் கவனத்தோடு நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்று கொள்கை சொல்லியிருக்கிறார்கள்.

இதில் என் மண்டை எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். பில் யார் பேரில்? தோழி பேரில். அப்படியானால் இந்தம்மாவுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்? பாட்டிலை சீல் வைத்துப் பத்திரப்படுத்தினார்களா? டாக்டர் சர்டிபிகேட்? வக்கீல் நோட்டீஸ் போயிற்றா? ஒன்றும் இல்லை. இந்தக் கேஸ் கட்டை எங்கள் ஆபீஸுக்குக் கொண்டு வந்திருந்தால், கோர்ட்டில் ஏற்காமல், நம்பர் ஆகாமல் திரும்பும் என்று நானே சொல்லி அனுப்பியிருப்பேன். ‘வழக்கு செல்லாது, ஏனெனில் அவர் பாட்டிலை வாங்கவில்லை’ என்ற வட்டத்தைத் தைரியமாகக் கறுப்பாக்கினேன்.

அடுத்த பத்தியில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடன் வாங்கிய 17 வயதுப் பையன். மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று கொள்கை போட்டிருந்தது. ஆனால் பொய் சொல்லிப் பணத்தை வாங்கித் தின்றவனை எப்படிச் சும்மா விடுவது? பையன் கட்டியே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தேன். 1903-ல், அன்றைக்கு நமக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதே மாதிரி ஒரு கல்கத்தா வழக்கில் நேர்மாறாகச் சொல்லியிருந்தது அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

இப்படி ஒவ்வொரு வழக்கையும் நேர்மையாக விசாரித்து முடித்தபோது கடிகாரத்தில் 55 நிமிடம் போயிருந்தது. இதற்குள் ஒரு விடையை மாற்றத் தோன்றியது. பழைய வட்டத்தை ஒரு கோடு போட்டு அடித்து, புதியதைக் கறுப்பாக்கி, கை பழக்கத்தில் பக்கத்திலேயே சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படித்தானே செய்வோம்? எதிரில் உட்கார்ந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மெஷின் அதை இரண்டு விடை என்று எடுத்துக்கொண்டு தப்பென்றுதான் போடுமாம்.

நடப்பு நிகழ்வுப் பகுதியில் கொஞ்சம் மூச்சு வந்தது, தினமும் டீக்கடையில் இரண்டு பேப்பர் படிக்கிறவன் அல்லவா. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைக் கொடுத்து எழுதியவரின் தொனி என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாத் தொனியும் ‘மிகவும் பணிந்து பிரார்த்திக்கிறேன்’ தான். அந்த விருப்பம் நான்கில் இல்லை. தர்க்கப் பகுதியில், ‘கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தை அதிகம் பலவீனப்படுத்துகிறது?’ எதிர்த்தரப்பு வக்கீல் யார் என்று தெரியாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? நாலு கேள்வி போட்டுப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் வழக்கை அப்புறம் கூப்பிடச் சொல்கிற மாதிரி ‘பாஸ் ஓவர்’ கேட்கலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் குக்கருக்குக் காது கொடுத்தபடி, “இருபது நிமிஷம் இருக்கு” என்றாள்.

கடைசியாகக் கணக்கு. சதவீதம், விகிதம், வட்டப்படம். கோர்ட் ஃபீஸ் கணக்குப் போட்டே தேய்ந்த கை இது. 10 போட்டேன், 9 சரி. இதை மட்டும் தனியாக ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்கிறேன், யாரும் குறுக்கே வராதீர்கள்.

திருத்தியவள் மகள். பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். மொத்தம் 60 கேள்விதான் தொட்டிருந்தேன். 27 சரி, 33 தப்பு. 27-லிருந்து 8.25 போனால் 18.75. அதிலும் சட்டப் பகுதியில் போட்ட 20-ல் நான்குதான் சரி. “கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்கும்பா” என்றாள் மெதுவாக. இரக்கத்தோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “22 வருஷம் கோர்ட்டுக்குத்தானே போனீங்க?”

அந்தப் பகுதிக்குச் சட்டமே தெரிந்திருக்க வேண்டியதில்லையாம். கொடுத்த பத்தியில் சொன்ன கொள்கையை மட்டும் பிடித்துக்கொண்டு, கொடுத்த சம்பவத்தில் பொருத்த வேண்டும். வெளியே தெரிந்ததை வெளியிலேயே செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டும். நான் செருப்போடு உள்ளே போயிருக்கிறேன்.

நத்தையின் முழுக் கதையையும் அவள்தான் சொன்னாள். 1932-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போன வழக்கு. மூன்று நீதிபதிகள் அந்தம்மா பக்கம், இரண்டு பேர் எதிர். தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று அங்கே தீர்ந்து, உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் முதலில் படிக்கிற வழக்காகிவிட்டது. ஆனால் அங்கே தீர்ந்தது சட்டக் கேள்வி மட்டும். சாட்சி விசாரணைக்கு வருமுன் சமாதானமாகப் போய்விட்டதால், அந்தப் பாட்டிலுக்குள் நிஜமாகவே நத்தை இருந்ததா என்று கடைசிவரை எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்கப்படவே இல்லை. “பார்த்தியா! நான் கேட்டது அதைத்தானே?” என்று துள்ளினேன். “அதுக்கு மார்க் கிடையாதுப்பா.”

மறுநாள் ஆபீஸில் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சீனியரிடம் நத்தை விஷயத்தை எடுத்துவிட்டேன். இரண்டு ஜூனியர்கள் உடனே ஆளுக்கொரு பக்கம் பிரிந்து தயிர்சாதத்தை மறந்து வாதாடினார்கள். சீனியர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை எதுக்கு சிவில் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்க? கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுங்கய்யா” என்றார். நடைமுறைக்கு அருமையான யோசனை. நான்கு விருப்பங்களில் அது இல்லை. எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அன்று ராத்திரி மகளின் 46.25-ஐக் கையில் எடுத்தேன். மார்க்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் பேச்சு, கட்டுக் கட்டக் கூடாது என்று இல்லையே. தப்பான 59 கேள்விகளையும் வெட்டி ஒட்டி, கேஸ் கட்டுக்கு எழுதுகிற மாதிரி மேலே டாக்கெட் எழுதி, சிவப்பு நாடா போட்டுக் கட்டினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எதனால் போயிற்று என்று சொன்னாள். 12 நிஜமாகவே தெரியாதவை. 18 கடைசி ஐந்து நிமிடத்தில் குருட்டாம்போக்கில் போட்டவை. 29 பத்தியைப் பாதி படித்துவிட்டுப் போட்டவை.

குருட்டுப் போடுதான் குடியைக் கெடுத்தது என்று நான் நினைத்தேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அப்படிப் போட்ட 24-ல் ஆறு சரியாகியிருந்தன. 18 தப்புக்கு 4.5 போக, 1.5 லாபம்தான். கெடுத்தது அந்த 29. போன தடவை 96 கேள்வியோடு நிறுத்தியவள், எல்லாவற்றையும் தொட்டே ஆகவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 120-க்கும் ஓடியிருக்கிறாள். ஓடியதில் நன்றாகத் தெரிந்ததெல்லாம் கையை விட்டுப் போயிருக்கிறது. கட்டைப் பார்த்துவிட்டு அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “சாப்பாடு இருக்காம்மா?” என்று உள்ளே போனாள். மணி பதினொன்று. மனைவி எழுந்து தோசை வார்த்தாள். மூன்று சாப்பிட்டாள், எண்ணினேன்.

அடுத்த மாக்கில் 96-க்கே திரும்பி 74.75. அதற்கடுத்ததில் 69.5. கதவு சாத்தப்படவில்லை, சிவப்பு நாடாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை மழை. படுத்தபடியே ஒரு ஆட்சேபணை எழுப்பினேன்: நீ 17 வயது, மைனர், 11-ம் பிரிவுப்படி உன்னோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது; மேலும் இது பந்தயம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ம் பிரிவுப்படி அதுவும் செல்லாது. மகள் எழுந்து உட்கார்ந்து, “ரெண்டுமே கரெக்ட்டுப்பா. இதை ஞாயித்துக்கிழமை எழுதியிருந்தா ரெண்டு மார்க்” என்றாள். மனைவி மஞ்சப்பையையும் குடையையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்து, “மனு தள்ளுபடி” என்றாள்.

அப்பீல் போடலாம் என்றிருக்கிறேன். தீர்ப்பு நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் தயாராகவில்லை என்கிறார்கள். அதுவரை காலை ஐந்தரை.