வெளியே ஒழுகாத ஓட்டை

மேட்டில் ஏறும்போதே வண்டி இரண்டு தரம் இருமியது. மூன்றாவது இருமலில் நின்றேவிட்டது.

செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் சைலன்சரில் துளி புகை இல்லை. சுற்றியும் புகை வரவில்லை என்றால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கு டீசல் போகவில்லை. பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. (முதலில் அதைத்தான் திட்டினேன்.)

டீசல் ஃபில்டர் மேலிருக்கும், காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அழுத்தினேன்.

டீசல் வரவில்லை. நுரை வந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி. டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது.

30, 40 தடவை அழுத்தியிருப்பேன். கட்டைவிரல் மரத்துப்போச்சு. குமிழ் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் குமிழே இல்லாத ஒரே தாரை. அப்படியே ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்தேன். கொஞ்சம் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

சரி, காற்று எங்கிருந்து வந்தது?

டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஹோஸ். கிளாம்ப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அது பம்ப் உறிஞ்சும் பக்கம்; இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறை தேடியே பழகிய கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. நான் குளிரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.