முந்திப் பூத்தால் நல்ல சகுனமா?

மலையில் இந்த ஆண்டு வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டது என்று யாராவது மகிழ்ச்சியோடு பூக்களின் படத்தைப் போடும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் கலக்கம்தான். உயரத்தில் வளரும் செடிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். முந்திப் பூப்பது அவற்றுக்கு வரம் அல்ல. பல நேரங்களில் ஆபத்து.

மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே செடியைக் காப்பது பனிதான். வெளியே காற்றின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குப் போனாலும், கனத்த பனிக்கு அடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தப் போர்வை விலகிய பிறகுதான் பெரும்பாலான செடிகள் துளிர்த்துப் பூக்கத் தொடங்கும். பூமி சூடாகச் சூடாகப் பனி முன்னதாகவே கரைகிறது. ஆனால் உறைபனி விழும் இரவுகள் அதே வேகத்தில் பின்வாங்குவதில்லை. விழித்துக்கொண்ட செடி அந்த இரவுகளில் மாட்டிக்கொள்கிறது.

அமெரிக்காவின் கொலராடோவில், ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. சூழலியலாளர் டேவிட் இனவுயே அங்கே 1970-களில் பூக்களை எண்ணத் தொடங்கினார். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெலியாந்தெல்லா என்ற செடியில், 1992 முதல் 1998 வரை உறைபனியில் கருகிய மொக்குகள் சராசரியாக 36 சதவீதம். 1999 முதல் 2006 வரை அதுவே 74 சதவீதம். மொக்கு கருகினால் அந்த ஆண்டுக்கு விதை இல்லை, பூவை நம்பி வரும் பூச்சிக்கும் உணவு இல்லை.

கருகிய மொக்கு தூரத்தில் தெரியாது. மலைகளில் வளரும் ரோடோடென்ட்ரான் என்ற பூஞ்செடியின் மொக்கை நகத்தால் பிளந்து பார்த்தால், வெளிச்செதில் பச்சையாகவே இருக்கும். உள்ளே இதழ்கள் பழுப்பேறி நைந்து, நடுவில் சூலகம் கறுத்துக் கிடக்கும். தொட்டால் உதிர்ந்துவிடும்.

இதோடு காற்று மாசும் சேர்ந்துகொள்கிறது. அடுப்பிலும் டீசல் எஞ்சினிலும் எழும் புகைக்கரி காற்றோடு ஏறி இமயமலைப் பனியிலும் படிகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்தால் வெயிலை உறிஞ்சி விரைவில் உருகும். கீழே எரிப்பதும் மேலே பூப்பதும் இப்படித்தான் பிணைந்திருக்கின்றன.

மலைக்காற்று தூய்மையானது என்ற நம்பிக்கையும் எனக்குப் போய்விட்டது. நகரத்தில் வாகனப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு, தரையருகே மாசாகச் சேரும் ஓசோன் வாயுவை இரவில் தின்றுவிடும். மலை உச்சியில் அந்தப் புகை குறைவு என்பதால் ஓசோன் இரவிலும் தங்கிவிடுகிறது. இலைத்துளை வழியே நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. இலையின் மேற்பரப்பில் நரம்புகளை விட்டுவிட்டு இடையிடையே நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தால் ஓசோனைத்தான் முதலில் சந்தேகிப்பேன். காற்றிலிருந்து படியும் நைட்ரஜனும் சும்மா இருப்பதில்லை: சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய குட்டைச் செடிகளை, உரம் கண்ட புற்கள் மூடிவிடுகின்றன.

எனவே மலையேறும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். பூ மலர்ந்த தேதியோடு, அந்த இடத்தில் பனி விலகிய தேதியையும் எழுதுங்கள். பூக்காத செடியையும் படம் எடுங்கள். உதிர்ந்து கிடக்கும் மொக்கு ஒன்றைப் பிளந்து, உள்ளே என்ன நிறம் என்று குறித்துவையுங்கள்.