ஏழாம் மாடி வீடு: பெரும்பாக்கம் நாட்குறிப்பு

8 ஜூலை 2025, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி இறங்கியதில் முட்டி இன்னும் கெஞ்சுகிறது. நான்காம் மாடிப் படியில் குடத்தை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "புதுசா மேடம்? ஒரே தம்முல ஏறாத. மூணாவது மாடியில நின்னுட்டு ஏறு" என்று சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் போகும் இந்த வேலையில் மூன்று வருடமாக இருக்கிறேன், இந்த பிளாக்குக்குத்தான் புதுசு. அதைச் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை.

பள்ளியிலிருந்து ஐந்து பெயர் கொடுத்திருந்தார்கள். ஜூன் 2 பள்ளி திறந்ததிலிருந்து வராதவர்கள். நான்கு பேர் சுலபம்: இரண்டு பேர் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள், ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது, இன்னொருவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வியாசர்பாடியில் பாட்டி வீட்டில் இருக்கிறான். ஐந்தாவது, எட்டாம் வகுப்புப் பெண். பெயர் எழுதப் போவதில்லை, பெரிய பெண் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தை, கையில் சத்துமாவு கரைத்த டம்ளர். "அம்மா ரெண்டு மணிக்கு மேலதான் வரும்" என்றாள். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குழந்தையைக் காட்டினாள். அதுவும் பதில்தான், எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

10 ஜூலை, வியாழன்

மூன்று மணிக்குப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டாம் என்றேன், அதற்குள் எழுந்துவிட்டார். தலையில் மீன் வாசனை போகவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இன்று நான் செய்தது மடத்தனம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி பேசினேன். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை கல்வி உரிமை, 2009 சட்டம், எட்டாம் வகுப்பு முடிக்கிற வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. அப்புறம் புதுமைப் பெண் திட்டம்: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். முழுசாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா (இனி அக்கா என்றே எழுதுகிறேன்) சொன்னார்:

"எல்லாம் கரெக்டு மேடம். நான் காலீல நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன். பொண்ணு இஸ்கூலுக்குப் போயிட்டா இந்தப் புள்ளய நீ இடுப்புல வெச்சிக்கினு இருப்பியா?"

ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஆயிரத்தை, இன்று காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியவரிடம் பேசியிருக்கிறேன். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

11 ஜூலை, வெள்ளி

மறுபடியும் போய் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். நோட்டை எடுக்கவே இல்லை. எழுத ஆரம்பித்தால் மக்கள் 'ஆபீசுக்குச் சொல்லும்' பதிலுக்கு மாறிவிடுகிறார்கள்.

அக்காவுக்குப் பூர்வீகம் சென்னை சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஆற்றங்கரை. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே வீடு கொடுத்தார்கள். வீடு வந்தது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இங்கிருந்து 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் கிடையாது என்பது 2021இல் வந்தது, அது மட்டும் இல்லையென்றால் போகவே கட்டுப்படியாகாது என்றார். "இங்கயே எதுனா பாக்கலாமே" என்று நான் கேட்கவில்லை. பக்கத்து ஐடி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்த்து, ஷிஃப்ட் ஒத்துவராமல் விட்டவர் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மார்க்கெட்டுக்கு வரத்துக் குறைவு, ஆய்வதற்கு மீன் ஏது? அந்த இடைவெளியில்தான் தண்டல் எடுத்திருக்கிறார், தினமும் கட்டி அடைக்கிற வட்டிக் கடன். பேச்சு பத்தாயிரம், கைக்கு வந்தது 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். மே 20இல் தொடங்கியது, ஆகஸ்ட் 27 வரை ஓடும். ஜூன் 15லிருந்து ஒரு நாள் கூட லீவு போட முடியாததற்குக் காரணம் அந்த நூறு ரூபாய். முன்பு குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டி பொங்கலுக்கு அப்புறம் தவறிவிட்டார். அதுவரை பெரிய பெண் ஒழுங்காகத்தான் பள்ளிக்குப் போயிருக்கிறாள். அப்புறம் பரீட்சை வரை எப்படியோ ஓட்டியிருக்கிறார்கள்.

என் பாட்டி வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரிய வீட்டில் இருந்தார். அந்த வாரியம் 1970இல் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, ஜனங்களுக்கு இன்னமும் 'அவுசிங் போர்டு'தான். பாட்டியின் குடிசை இருந்த இடத்துக்கும் மாடி வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு. வேலை செய்த வீடுகள் அதே வீடுகள், கடன் கொடுத்த மளிகைக்கடையும் அதே கடை. சின்ன வயதில் அந்த வீட்டை நான் மட்டமாக நினைத்திருக்கிறேன். இங்கே சுமார் 400 சதுர அடி, டைல்ஸ், உள்ளேயே கழிவறை, பாட்டி வீட்டைவிட எல்லாம் மேல். ஆனால் இந்த அக்கா 'ஊருக்குப் போறேன்' என்று சொல்லும்போது சிந்தாதிரிப்பேட்டையைச் சொல்கிறார்.

17 ஜூலை, வியாழன்

இந்த வாரம் முழுக்க மகளிர் உரிமைத் தொகைப் பேச்சுதான். 15ஆம் தேதியிலிருந்து 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கியிருக்கின்றன, விடுபட்டவர்கள் அங்கே மனு கொடுக்கலாம். 2023இல் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். சிரித்தார். அப்போது ரேஷன் கார்டு அடகில் இருந்ததாம். மூவாயிரம் ரூபாய்க்கு.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்தோம். முகாம் நாளில் அவர் மார்க்கெட்டுக்கு லீவு போட வேண்டும். நூறு ரூபாய்ப் பிரச்சினை அங்கேயும் வந்து நிற்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. விடுமுறைதான், ஆனாலும் கூழுக்கு வந்துவிட்டேன். பிளாக் நடுவில் தகரக் கொட்டகை போட்ட சின்ன அம்மன் கோயில். கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. மைக்கில் யாரோ 'ஆத்தா' பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் தூக்குவாளியோடு ஒரு ஆயா. இரண்டாம் மாடி, தனியாள். முதியோர் பென்ஷன் 1,200 வருகிறது. பேச்சுவாக்கில் "ஒரு புள்ள குட்டி சத்தம் இல்ல வூட்ல" என்றார். எனக்குக் கூழ் தொண்டையிலேயே நின்றது.

உடனே ஏழாம் மாடிக்கு ஓடினேன் (மூன்றாம் மாடியில் நின்றேன்). குழந்தையை அந்த ஆயா பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அக்கா முகம் சுளித்தார். "அந்த ஆயாவா? அவங்க அடையாத்துக்காரங்க மேடம். எங்க ஆளுங்க இல்ல." இங்கே ஒரு பெரிய கணக்கு ஓடுகிறது என்பதை இத்தனை வருடம் கழித்தும் மறந்துபோகிறேன். பக்கத்து வீடு குலுக்கலில் வந்தது. கூவமோ அடையாறோ, பழைய ஆற்றங்கரைதான் சொந்தம்.

24 ஜூலை, வியாழன்

பேச்சுவார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை, இதைப் பெருமையாகவே எழுதி வைக்கிறேன். ஆயாதான் ஏழாம் மாடிக்கு ஏறி வந்தார், அதுவே பாதி காரியம். இரண்டு பேரும் கால் மணி நேரம் அவரவர் ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள்: எந்த ராத்திரி, எத்தனை அடி, எந்தப் பாத்திரம் போனது. அப்புறம் கூலி. ஆயா ஒரு நாளைக்கு ஐம்பது கேட்டார், முப்பதில் முடிந்தது, கூடவே மார்க்கெட்டிலிருந்து மீன். காலை எட்டரையிலிருந்து அக்கா வரும்வரை. குழந்தைக்கு செப்டம்பரில் இரண்டு வயது முடிகிறது, அதற்கப்புறம் அங்கன்வாடியில் உட்கார வைக்கலாம்.

கிளம்பும்போது பெரிய பெண் ஒரு பழைய நோட்டைக் காட்டினாள். தண்டல் கணக்கு. தேதிவாரியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். தண்டல்காரர் அட்டையில் இரண்டு நாள் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்லி, அவர் சண்டை போட்டு, அந்த இருநூறு கணக்கில் ஏறிவிட்டதாம். கணக்கில் அவள் மந்தம் என்று வகுப்பாசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். நாளைக்கு அவரிடம் இந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

28 ஜூலை, திங்கள்

போனாள். பழைய யூனிஃபார்ம் இரண்டு அங்குலம் குட்டை.

1 ஆகஸ்ட், வெள்ளி

திங்கள், செவ்வாய், புதன் போனாள். நேற்று ஆயா பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போய்விட்டார், பெரிய பெண் வீட்டில். இன்று போனாள். ஐந்தில் நான்கு.

மாத அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் படிவத்தில் 'மேற்கொண்ட நடவடிக்கை' என்று ஒரு கட்டம்: ஆலோசனை, பரிந்துரை, திட்ட இணைப்பு, மற்றவை. மற்றவையில் டிக் போட்டேன். விவரம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். 'இரண்டாம் மாடி ஆயா' என்று எழுதினேன். மேலாளர் போன் செய்து "இதென்ன?" என்றார். சொன்னேன். "சரி, ஆனா 'சமூக ஆதரவு'ன்னு மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

முகாமில் மனு கொடுத்தாயிற்று. 45 நாளுக்குள் பதில் என்கிறார்கள். அக்கா அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. நூறு ரூபாயை ஆயா கைமாற்றாகக் கொடுத்தாராம், எனக்கு இன்றுதான் தெரியும்.

இறங்கும்போது இரண்டாம் மாடியில் ஆயா நிறுத்தினார். குழந்தை அவர் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு தூங்குகிறது. ஏதோ புகார் என்று பயந்தேன். "அவ கிட்ட சொல்லு மேடம். தெனம் சங்கரா குடுத்தனுப்புறா, முள்ளு எடுத்து மாளல. நெத்திலி வந்தா பாக்கச் சொல்லு."