‘பாப்பம்’ என்பது என்ன செயல்?

எங்கள் பள்ளிக்கூடத்து உயர்தரத் தமிழ் வகுப்பில் சிறுகதை உரையாடலைப் பிரித்துப் பார்த்த முறை இது. கொப்பியில் நாலு நிரல்: கூற்று எண்ணும் பேசுபவரும், வாக்கிய வடிவம், அது செய்யும் வேலை, அதற்குச் சான்று. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு கூற்றுப் போதும். பேசாமல் இருப்பதற்கும் ஒரு எண் கொடுக்கவேண்டும். அதை விட்டால் அடுத்த கூற்று ஏன் தடம் மாறுகிறது என்று பிடிபடாது.

“மழை வரும்போலை கிடக்கு, அண்ணை.”
“ஓம், இருட்டிக்கொண்டு வருது.”
“உங்கடை சைக்கிள் சும்மாவோ நிக்குது?”
“நேற்றுப் பின் ரயர் காத்துப் போட்டுது.”
“அப்ப நடந்து போறன்.”

வடிவத்தில் நாலு செய்தி, ஒரு வினா. வேலையில் அடி போடல், பிடிகொடாமை, இரவல் கேட்டல், மறுத்தல், விடைபெறல். சான்று எப்போதும் அடுத்த கூற்றில்தான். ‘ஓம், இல்லை’ என்று வராமல் ரயர் கதை வந்தபடியால், அண்ணைக்குக் கேள்வி விளங்கிவிட்டது.

நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில் சைக்கிள் கேள்வி கொளல் வினா, அதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளக் கேட்பது. கடைக்காரரிடம் ‘பருப்பு இருக்கோ’ என்பது போல. நன்னூலின் எட்டு விடைகளில் ரயர் கதை உற்றது உரைத்தல், அதாவது தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விடை தருவது. ‘ஆடுவாயா’ என்றால் ‘கால் நொந்தது’ என்பது போல. சொல்வதும் ஒரு செயல், அதாவது பேச்சுச் செயல், என்று காட்டி ஆங்கிலேய மெய்யியலாளர் ஒஸ்ரின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகள் 1962இல்தான் நூலாயின. பின்பு அமெரிக்க மெய்யியலாளர் சேர்ள் பேச்சுச் செயல்களை ஐந்தாக வகுத்தார். அந்த ஐந்தும் கதைக்குப் பெரிய சல்லடை: மன்றாட்டமும் அதட்டலும் ஒரே கண்ணால் விழுந்துவிடும். மூன்றாம் நிரலில் வகையின் பெயரை அல்ல, ‘மன்றாடுகிறார்’ என்று வினையையே எழுதுங்கள்.

அதிகம் பிழைக்கும் இடம், செயலையும் விளைவையும் குழப்புவது. இதற்கு நொத்தாரிசு உறுதியில் (காணிப் பத்திரம் போன்றவற்றில்) ‘இதன் மூலம்’ என்ற பொருளில் வரும் ‘இத்தால்’ கைகொடுக்கும். ‘இத்தால் விடைபெறுகிறேன்’ என்பது பொருந்தும். ‘இத்தால் உம்மை வெட்கப்பட வைக்கிறேன்’ பொருந்தாது. அண்ணை வெட்கப்பட்டாரா என்பது விளைவு. கதையில் தடயம் இருந்தால் மட்டும் நாலாம் நிரலில் குறிக்கலாம். ‘என்று சொன்னார்’ என்ற ஆசிரியர் கூற்றை நம்பவேண்டாம். அது எல்லாவற்றையும் மூடிவிடும்.

‘பாப்பம்’ (பார்ப்போம்) வந்தால் பென்சிலால் எழுதுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அதை வாக்குறுதி என்பார்கள். ஊரில் பெரும்பாலும் அது மறுப்பு. கேட்டவர் திரும்பவும் கேட்டு வருகிறாரா என்று அடுத்த பக்கத்தைப் பார்த்த பிறகு பேனையை எடுக்கலாம்.