உலைக்கு முன் ஒரு பிடி

லுத்தரன் என்னும் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவர்களுக்குக் கிருஷ்ணகிரி, மாம்பழத்துக்கும் மலைக்கோட்டைக்கும் பெயர்போன ஊர் மட்டுமல்ல. 1895-இல் தியோடர் நேதர் என்ற ஜெர்மானிய மிஷனரி ஊழியத்தைத் தொடங்கிய இடம் அது. இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு ஆராதனையாவது அந்த மண்ணில் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், ஆம்பூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினேன்.

பர்கூரில் பாதி பஸ் காலியானது. மொத்த விலைத் துணிக்கடைகள் நிறைந்த ஊர். கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பங்கள் சிரித்துப் பேசியபடி இறங்கின. எல்லர்மன் அம்மையார் என்ற செவிலியர் 1913-இல் கடல் கடந்து வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தது இதே பர்கூரில்தான். அவர் காலத்து ஊரை ஜன்னல் வழியே கற்பனை செய்து பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

நான் போனது நகரத்திலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சிறிய ஆலயம். பீடத்தின்மேல் ஊதா விரிப்பு. பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம். அன்றைய பிரசங்கம் லூக்கா பதினைந்தாம் அதிகாரம், ஊதாரி மகன். தகப்பனிடம் பங்கைப் பிரித்து வாங்கி, தூரதேசத்தில் அழித்துவிட்டு, பன்றிகள் தின்னும் தவிட்டுக்கு ஏங்கி, வீடு திரும்புகிறவனைப் பற்றி இயேசு சொன்னது; எத்தனையோ முறை கேட்ட உவமைதான். ஆனால் போதகர் ஐயா பன்றிகளிடமோ தவிட்டிடமோ போகவில்லை. மகன் இன்னும் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாத இடத்திலேயே நின்றுகொண்டார். "ஆஸ்தியில் எனக்கு வரும் பங்கை எனக்குத் தரவேண்டும்" என்று தகப்பன் உயிரோடிருக்கும்போதே கேட்டானே, அழிவு அங்கேயே தொடங்கிவிட்டது. தூரதேசத்தில் செலவானது வெறும் பணம்தான் என்றார். குடித்து அழிக்காதவர்களும் சிக்கனமாக வாழ்கிறவர்களும் இந்த உவமையிலிருந்து தப்ப முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ரூபாயையும் வீணாக்காமல், ஆயுள் முழுவதையும் தனக்கென்றே செலவழித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேதரை நினைத்துக்கொண்டேன். ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் என்ற லுத்தரன் ஊழிய அமைப்பில் முதலில் ஊழியம் செய்தவர் அவர். வேதாகமத்தைப் பற்றிய உபதேசத்தில் ஒத்துப்போக முடியாமல் அங்கிருந்து விலகினார். சொந்த நாட்டில் அமைதியாக ஒரு சபையை நடத்திக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்ப, மறுபடியும் இந்தியாவுக்கே வந்தார். 1904-இல் பிளேக் நோயில் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒன்பது வருட உழைப்புக்கு இதுதானா பலன் என்று அன்றைக்கே சிலர் கேட்டிருக்கக்கூடும். வேதாகமத்தில், பெத்தானியா என்ற ஊரில் ஒரு ஸ்திரீ விலையேறப்பெற்ற தைலத்தை இயேசுவின் சிரசின்மேல் ஊற்றியபோது, "இந்த வீண்செலவு என்னத்திற்கு" என்று சீஷர்களே முறுமுறுத்தார்கள். இயேசுவோ அதை நற்கிரியை என்றார். எது வீண், எது வீணல்ல என்று தீர்ப்பதில் நம் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றல்ல. நான் அவர் கணக்கையே நம்புகிறேன்.

ஆராதனை முடிந்ததும் வாசல் திண்ணையில் பிடியரிசிக் காணிக்கையை அளக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தேவனுக்கென்று எடுத்துவைத்து ஞாயிறன்று கொண்டுவரும் பழைய வழக்கம். பல சபைகளில் மறைந்துவருகிறது, இங்கே உயிரோடிருக்கிறது. சுருக்குப் பைகள், பால்பவுடர் டப்பாக்கள், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர்கள் எல்லாம் ஒரே அன்னக்கூடையில் கொட்டப்பட்டன. சன்னமான பொன்னியும் தடித்த ரேஷன் அரிசியும் கலந்து, இடையிடையே கேழ்வரகு மணிகளும் சிவப்பாகத் தெரிந்தன. யார் வீட்டு அரிசி எது என்று இனி பிரிக்க முடியாது.

பக்கத்தில் நின்ற பாட்டியிடம் தோத்திரம் சொல்லி, "சமைத்து முடித்து மிச்சமிருந்தால் எடுத்துவைப்பீர்களா பாட்டி?" என்று கேட்டேன்.

"மிச்சத்தைக் கோழிக்குப் போடலாம் கண்ணு, கர்த்தருக்கா போடுவார்கள்? அரிசி களைவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அப்புறம் இருப்பதைத்தான் உலையில் போட வேண்டும்" என்றார்.

"வீட்டில் குறைவாக இருக்கிற நாளில்?"

"அன்றைக்குக் கஞ்சியில் தண்ணீர் கொஞ்சம் கூடும். அவ்வளவுதானே."

கூடையில் சேர்ந்த அரிசியைச் சபையாரே படிக்கணக்கில் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் சபையிலுள்ள ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறதாம். நானும் இரண்டு படி வாங்கினேன். பாட்டியின் மருமகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்திலும், குக்கருக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறாளாம். ஊருக்கு வரும்போது மறக்காமல் அந்த டப்பாவையும் தூக்கிக்கொண்டு வருகிறாளாம்.